‘கழற்றி மாட்டினால் போதும்’ என்பது தவறு

இருட்டிய பிறகு இலுப்பூரிலிருந்து விராலிமலைக்கோ அன்னவாசலுக்கோ வண்டி ஓட்டுகிறவர்கள் முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்டை நம்பித்தான் போகிறார்கள். ஆடு குறுக்கே வரும். விராலிமலைப் பக்கம் மயிலே வரும். அந்த லைட்டில் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூடவே ஒரு பேச்சும் பரவியிருக்கிறது: “கழற்றி மாட்டினால் போதும். தகராறு செய்தால் பல்பு டூப்ளிகேட். இல்லையென்றால் ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும்.” இந்தப் பேச்சு ஆபத்தானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்இடியை நான் எதிர்க்கவில்லை. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்இடி உடனே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளிக்குள் பின்னால் வரும் வண்டி 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே நன்மை உண்மைதான். ஆனால் சரியாகப் பொருத்தினால் மட்டுமே அது கிடைக்கும்.

1. “கழற்றி மாட்டினால் போதும்.”

போதாது. பைக்குகளில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: 5 வாட் டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. இந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்துத்தான் பின்னால் வருகிறவர் ‘பிரேக் பிடிக்கிறார்’ என்று புரிந்துகொள்கிறார். மலிவான எல்இடிகள் சிலவற்றில் இரண்டு நிலைகளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான். அப்போது லைட் எரியும், செய்தி போய்ச் சேராது. இன்னொன்று, பழைய பைக்குகள் பலவற்றில் டெயில் லைட்டுக்கு எஞ்சின் காயிலிலிருந்து ஏசி மின்சாரமும், பிரேக் லைட்டுக்குப் பேட்டரியின் டிசியும் வரும். அங்கே எல்இடியின் டெயில் நிலை மினுக்குவது இயல்பு. அது பல்பின் குற்றமல்ல.

2. “பிரேக் பிடிக்காமலே எரிந்தால் பல்பு மோசம்.”

பெரும்பாலும் பல்பு நிரபராதி. பழைய 21 வாட் இழைக்கு 1.75 ஆம்பியர் வேண்டும். ஈரம் இறங்கிய பிரேக் ஸ்விட்ச்சிலோ வயரிங்கிலோ கசியும் சிறு மின்சாரம் அந்த இழையைச் சிவக்கக்கூட வைக்காது. எல்இடிக்கு அந்தக் கசிவே போதும், மங்கலாக எரியத் தொடங்கிவிடும். எர்த் சரியில்லாவிட்டாலும் டெயில் மின்சாரம் வேறு வழி தேடிப் பிரேக் லைன் பக்கம் பாயும். முன்பே இருந்த நோயை எல்இடி வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். கார்களில் இன்னொரு காரணமும் உண்டு: பல்பு பியூஸாகிவிட்டதா என்று பார்க்கச் சில மாடல்கள் நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் அனுப்பிச் சோதிக்கும். அந்தத் துடிப்பு எல்இடியில் கண்ணுக்குத் தெரியும்.

3. “ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்தது.”

கடைகளில் கிடைக்கும் 6 ஓம் ரெசிஸ்டரை 13.5 வோல்ட்டில் இணைத்தால் ஏறக்குறைய 30 வாட் வெப்பமாகும். பிளாஸ்டிக் மீதோ வயர்க் கட்டின் மீதோ அதை ஒட்டி வைத்தால் உருகிவிடும். எல்இடி மாட்டிய இண்டிகேட்டர் வேகமாக அடித்தால், அதற்கு ரெசிஸ்டரைவிட நல்ல தீர்வு எல்இடிக்கு ஏற்ற பிளாஷர் ரிலே. பிரேக் லைட்டில் ரெசிஸ்டர் கசிவை மறைக்குமே தவிரக் கெட்ட ஸ்விட்ச்சையும் எர்த்தையும் குணப்படுத்தாது.

4. “வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும்.”

விளக்கின் உள்வளைவு இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்இடியின் ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் பக்கத்தில் சிதறும், நேர்பின்னால் குறையும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் ஒளியின் பெரும்பகுதி வீணாகும். நிறம் வெளுத்த கண்ணாடியில் அது இளஞ்சிவப்பாகவும் தெரியும். பிரேக் லைட் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே சிவப்பு எல்இடியே வாங்குங்கள்.

5. “பேட்டரி மிச்சம்.”

பிரேக் லைட் எரிவது பிரேக்கை மிதிக்கும் சில நொடிகள்தான். மிச்சம் மிகச் சிறிது. அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

சரி, கோளாறு வந்தால் என்ன செய்வது? முதலில் பழைய பல்பைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அது சரியாக எரிந்தாலும், கசிவு இல்லை என்று அர்த்தமல்ல. பல்பைக் கழற்றி, பிரேக்கைத் தொடாமல் சாவியைப் போட்டு, ஹோல்டரில் பிரேக் முனையை மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் காட்டினால், அங்கே 5 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள். வோல்ட் காணாமல் போனால் சிறு கசிவு. ஸ்விட்ச்சையும் இணைப்புகளையும் பாருங்கள். அடுத்து எர்த். பழைய பல்பை மாட்டிப் பிரேக்கை மிதித்தபடி, ஹோல்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கெட்டிருக்கிறது. துரு பிடித்த முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். கடைசியாகப் பின்பிரேக் ஸ்விட்ச்சின் ஸ்பிரிங்கும் நட்டும் சரியா என்று பாருங்கள். பெடல் மேலே வந்ததும் லைட் அணைய வேண்டும்.

மெக்கானிக் அண்ணன்மாருக்கும் வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: எல்இடி மாட்டியதும் காசு வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பாதீர்கள். பட்டப்பகலில் ஒருவரைப் பத்து மீட்டர் பின்னால் நிறுத்தி, டெயில் லைட்டைப் போட்டு, பிரேக்கைப் பிடித்து விடச் சொல்லுங்கள். வெளிச்சம் கூடுவதும் குறைவதும் அங்கிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் வேலை முடிந்தது.