காரியாலயத்தில் கதை

காரியாலயத்தில் கதை பேசுவது குற்றம் என்பது வெகு காலமாக இருந்துவரும் எழுதாத சட்டம். மேலதிகாரியின் காலடி ஓசை கேட்டதும், பேச்சை நிறுத்திவிட்டுக் காகிதங்களைப் புரட்டாத குமாஸ்தா உண்டா? நம் ஆசிரியர் அறைகளிலும் இதே கதிதான். "கதையளக்கிறான்" என்பதை ஒரு வசவாகவே வைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால், அந்தக் கதைப் பேச்சினால்தான் வேலையே நடக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்துப் புத்தகமும் எழுதினார் என்றால், நேயர்கள் நம்புவார்களோ என்னவோ!

ஜெராக்ஸ் கம்பெனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரதி எடுக்கும் கடைக்கே நம் ஊரில் அந்தப் பெயர்தான். அமெரிக்காவிலுள்ள அந்தக் கம்பெனி 1970-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியது. அங்கே பணிபுரிந்தவர்களில் ஜூலியன் ஆர் என்பவர் மானிட இயல் கற்றவர். அந்தச் சாஸ்திரம் பயின்றவர்கள் வழக்கமாகத் தூரத்துத் தீவுகளுக்குப் போய் அங்குள்ள ஜனங்களோடு வாசம் செய்வார்கள். இவரோ, பழுதான பிரதி யந்திரங்களைச் சீர்செய்யப் புறப்படும் மெக்கானிக்குகளின் பின்னால் போனார்.

கம்பெனி அந்த மெக்கானிக்குகளுக்கு நல்ல கைப்புத்தகம் கொடுத்திருந்தது. யந்திரம் இன்ன எண்ணைக் காட்டினால் இன்ன பாகத்தைப் பார். அது சரியாயிருந்தால் அடுத்ததைப் பார். எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. ஒரே ஒரு குறை, யந்திரங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை! ஒரு நாள் ஒரு யந்திரம் காட்டிய எண் ஒன்று, அதன் கோளாறு வேறொன்று. மெக்கானிக் தம்மிலும் அநுபவசாலியான நிபுணரை வரவழைத்தார். அவருக்கும் பிடிபடவில்லை. யந்திரத்தையே மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் வாடிக்கைக்காரர் முன்னிலையில் மானம் போய்விடுமே! இருவரும் யந்திரத்தருகே நின்று, தாங்கள் முன்பு கண்ட யந்திரங்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு டஜன் கதைகள். ஒருவர் சொன்ன கதை மற்றவருக்கு இன்னொன்றை நினைவூட்டிற்று. மணிக்கணக்கான பேச்சுக்குப் பிறகு, துண்டு துண்டாக இருந்த அடையாளங்களெல்லாம் ஒன்று சேர்ந்து, கோளாறு இன்னதென்று புலப்பட்டது.

விதிக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே விளங்கும். பல சம்பவங்களைப் பிழிந்து, சக்கையைத் தள்ளிவிட்டு எடுத்ததே விதி. யந்திரம் எந்த அறையில் இருந்தது, அதை யார் உபயோகித்தார், முதலில் எந்தச் சத்தம் கேட்டது என்பவையெல்லாம் சக்கையோடு போய்விடுகின்றன. கதையிலோ அவை அப்படியே இருக்கின்றன. இடக்கான சந்தர்ப்பத்தில் உதவுவதும் அந்தச் சக்கைதான்.

ஆர் தாம் கண்டதை 1996-ஆம் வருஷத்தில் புத்தகமாக வெளியிட்டார். மெக்கானிக்குகள் சாப்பாட்டு வேளையில் கூடிப் பேசுவதை வீண் பொழுது என்று கம்பெனி தடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவர்களில் சிலருக்கு ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வானொலிக் கருவி கொடுத்துப் பார்த்தது. பிறகு, அவர்கள் கண்டுபிடித்த யுக்திகளைச் சேகரித்து வைக்க 'யுரேகா' என்ற ஏற்பாடு பிரான்ஸ் தேசத்தில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் பரவிற்று. ஒரு யுக்தி சரிதானா என்று தீர்மானிப்பவர்கள் சக மெக்கானிக்குகளே. ஏற்றுக்கொண்ட யுக்தியோடு அதைச் சொன்னவரின் பெயரும் இருக்கும். எண்ணெய்க் கையோடு வேலை செய்கிறவனுக்குத் தன் பெயரை அச்சில் காண்பது சாமான்ய விஷயமல்ல என்பது நம் அபிப்பிராயம்.

இதற்கு அண்டை வீட்டுச் சங்கதி ஒன்று இப்போது பெரிய காரியாலயங்களிலெல்லாம் அடிபடுகிறது. 'டிசைன் திங்கிங்' என்று பெயர். வடிவமைப்புச் சிந்தனை என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். ஒரு பொருளைச் செய்யுமுன் அதை உபயோகிக்கப் போகிறவரிடம் போய் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டித் திருத்துவதே இதன் சாரம். நம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைச் செய்த மகானுபாவர் ஒரு தடவையாவது ஒரு குழந்தையை உட்கார வைத்துப் பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்! ஆனால் இதிலும் வேஷம் புகுந்துவிட்டது. மூன்று நாள் பயிற்சி நடத்தி, சுவர் நிறைய வர்ணச் சீட்டுகளை ஒட்டி, காப்பி பலகாரத்தோடு கலைந்து போகிறார்கள். அந்த மூன்று நாளில் உபயோகிப்பவர் ஒருவராவது அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

உண்மையாகச் செய்தவர் கதையைச் சொல்கிறோம். டக் டீட்ஸ் என்பவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் வைத்தியப் பிரிவில் வடிவமைப்பாளராக இருந்தவர். தாம் அமைத்த எம்.ஆர்.ஐ. யந்திரத்தை ஓர் ஆஸ்பத்திரியில் பெருமையோடு பார்க்கச் சென்றார். அப்போது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பெற்றோரின் கையைப் பற்றி அழுதுகொண்டே வந்தாள். குகை போன்ற துவாரம், காதைத் துளைக்கும் சத்தம், அதற்குள் அசையாமல் படுக்க வேண்டும்! மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பரிசோதனைக்கு வரும் குழந்தைகளில் 100-க்கு 80 பேர் வரையில் இப்படித்தான் என்றும் அவர் கேள்விப்பட்டார்.

டீட்ஸ் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மேற்படி சிந்தனையைப் பயின்றார். சிறு குழந்தைகளிடையே சென்று அவர்களுடைய பேச்சைக் கேட்டார். யந்திரத்தின் உள்ளே ஒரு திருகாணியைக்கூட அவர் மாற்றவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், சுவரிலும் தரையிலும் யந்திரத்தின் மேலும் படங்கள் ஒட்டி, அதைக் கடற்கொள்ளைக்காரர் கப்பலாக்கினார். துவாரத்தைச் சுற்றிக் கப்பல் சுக்கான் சக்கரம். யந்திரத்தை இயக்குகிறவருக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தார். "நீ கப்பலுக்குள் போகிறாய், ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும்" என்று அவர் சொல்வார். வெளியே வந்ததும் பெட்டகத்திலிருந்து ஒரு சிறு புதையலைக் குழந்தை எடுத்துக் கொள்ளலாம். வேறொரு கதையில் யந்திரம் ஆகாயக் கப்பலாயிற்று. பயமுறுத்திய அந்தச் சத்தம், கப்பல் வேகமெடுக்கும் சத்தமாயிற்று.

ஒரு சிறுமி பரிசோதனை முடிந்து வந்து, "நாளைக்கும் வரலாமா?" என்று தாயாரைக் கேட்டாளாம். மயக்க மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தபடியால், ஒரே நாளில் முன்னிலும் அதிகக் குழந்தைகளைப் பரிசோதிக்க முடிந்தது. ஆகவே, கதையில் நம்பிக்கையில்லாத கணக்கதிகாரிகளுக்கும் ஆட்சேபம் சொல்ல இடமில்லாமல் போயிற்று.