பாயசத்துக்கு மட்டும் எப்படி இடம் வருகிறது?

கல்யாணப் பந்தியில் 'போதும், போதும்' என்று இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே நீட்டியவர்தான், பாயச வாளி வந்ததும் கையை விலக்கிக்கொள்கிறார். நாக்கு நீளம் என்று கேலி செய்கிறோம். உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதே விஷயம்.

ஒரே பண்டத்தைத் தொடர்ந்து உண்டால் அதன் ருசி மங்கிக்கொண்டே வரும். முதல் கவளம் சாம்பார் சாதம் தந்த சுகத்தைப் பத்தாவது கவளம் தராது. ஆனால் திகட்டுவது சாம்பார்தான். இன்னும் தொடாத பாயசம் அல்ல. 1981இல் ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் வெளியிட்ட சோதனையில், நான்கு வகை சாண்ட்விச்சுகள் கிடைத்தவர்கள், ஒரே வகை கிடைத்தபோது தின்றதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தின்றார்கள். பலவகைச் சத்தையும் தேடவைக்கிற குணம் இது. பஃபே மேசையில் அதுவே காலை வாரிவிடுகிறது.

அப்படியானால் ருசிதான் குற்றவாளியா? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளர் கெவின் ஹால் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார். வேண்டிய மட்டும் உண்ணலாம். ஆலை உணவு நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இத்தனைக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பிடித்திருந்ததாகவே அவர்கள் சொன்னார்கள். ஆலை உணவை வேகமாக விழுங்கினார்கள். அது கவனிக்க வேண்டிய வித்தியாசம். குடல் அனுப்பும் 'போதும்' என்ற சேதி மூளைக்குப் போய்ச்சேரச் சற்று நேரம் பிடிக்கும். செல்போனைப் பார்த்தபடி அள்ளிப் போடுகிறவருக்கு ருசி மங்கியதும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை.

உடம்பின் பேச்சு எல்லாருக்கும் ஒன்றுபோல் கேட்பதில்லை. வயதானால் பசியும் மணம் அறியும் திறனும் குறையும். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் மெலிவுதான் மிஞ்சும். இன்சுலின் போடுகிறவர் பசி இல்லை என்று வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி, உப்புச்சப்பில்லாமல் அவித்த கீரையை யாரும் நாலு நாளுக்கு மேல் தொடமாட்டார்கள். அதையே சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி வைத்துப் பாருங்கள். 'இன்னும் கொஞ்சம் போடு' என்று தட்டு தானே நீளும்.