மணமகளின் கையெழுத்து எங்கே?

பொத்துவில் முதல் கல்முனை வரை, மகளுக்கு மணம் பேசும் தந்தை வீடும் வளவும் அவள் பெயருக்கே உறுதி முடித்துக் கொடுப்பது நம் கரையோர வழக்கம். நாளை அவ்வீட்டை ஈடு வைப்பதாயின் அவள் கையெழுத்து வேண்டும். ஆனால், அவள் வாழ்வையே ஒப்படைக்கும் விவாகப் பதிவேட்டில் அவள் கையெழுத்தைக் கேட்பாரில்லை! ‘வலி’ எனும் பாதுகாவலர் ஒப்பமிட்டாற் போதும் என்பதே 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் அமைப்பு.

பொதுச் சட்டத்தின் கீழ் மணம் பதியலாமே என்பீர்கள். மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாயின், 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு இடந்தராது. அக்கதவும் அடைபட்டதே.

மார்க்கமா தடுக்கிறது? கன்ஸா என்ற பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணம் முடித்து வைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மணத்தைச் செல்லாததாக்கினார்கள் என்று புகாரி ஹதீஸ் கூறுகிறது. திருமணம் ஓர் ஒப்பந்தமே என்பதும் இஸ்லாத்தின் கோட்பாடு. ஒப்பந்தக்காரியின் ஒப்பமில்லாத ஒப்பந்தம் உண்டோ?

2009இல் அமைந்த நீதியரசர் சலீம் மர்சூப் குழு அறிக்கை கையளிக்க 2018 ஆயிற்று. ஆராய்ந்தது போதும். மார்க்கத்தை மாற்றுமாறு நாம் கேட்கவில்லை. மார்க்கம் மதித்த சம்மதத்தை ஏட்டில் ஏற்றுமாறே கேட்கிறோம்.