உப்பு பாக்கெட்டும் லேபிளும்

மாரியூர் தெரியுமோ? சாயல்குடிப் பக்கம், கடலை ஒட்டின ஊர். பூவேந்தியநாதர் கோயில் உண்டு. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளமும் உண்டு.

உப்பு பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். உள்ளே உப்பு, வெளியே எடை, தேதி, விலை, அயோடின் சமாசாரம். இந்த வெளிச் சமாசாரத்துக்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 'மெட்டாடேட்டா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் மிரட்டும், ஆசாமி சாது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற விக்கிப்பீடியா 2003-லிருந்து தமிழிலும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இப்படி லேபிள்கள் உண்டு. அதில் ஒன்று 'பகுப்பு'. இந்த ஊர் எந்த மாவட்டம், இந்த ஆள் எழுத்தாளரா, நடிகரா என்று இனம் பிரிப்பது.

ஆதியில் இதைக் கட்டுரையின் அடியில், இரட்டைச் சதுர அடைப்புக்குள், கையால்தான் அடிக்க வேண்டும். ஒருவர் 'இராமநாதபுரம்' என்பார். அடுத்தவர் 'ராமநாதபுரம்' என்பார். நமக்கு ஒரே ஊர். கம்ப்யூட்டருக்கு ரெண்டு! ஒரு 'இ' விட்டுப்போனால் மாவட்டப் பட்டியலிலிருந்து ஊரே காணாமல் போகும். ஆபீஸில் 'இதர' என்று எழுதின கட்டுக்குள் ஃபைலைத் தேடினவர்களுக்கு இந்த வலி புரியும்.

அப்புறம் 'ஹாட்கேட்' என்றொரு கருவி வந்தது. நாலு எழுத்து அடித்தால் போதும்; ஏற்கெனவே உள்ள பகுப்புகளை ஓட்டல் சர்வர் மாதிரி வரிசையாக ஒப்பிக்கும். வேண்டியதைத் தொட்டால் முடிந்தது.

அடுத்த தலைவலி மற்ற மொழிகள். 50 மொழிகளில் ஒரு கட்டுரை இருந்தால், ஒவ்வொன்றிலும் மற்ற 49-க்கும் இணைப்பு. ஆக மொத்தம் 2,450! 2012-ல் விக்கித்தரவு பிறந்து, 2013-ல் இவற்றையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. சந்தோஷம். ஆனால் அது தனித் தளம். இங்கே ஒரு இணைப்பைத் திருத்த வந்தவரை, 'அந்தக் கவுன்ட்டருக்குப் போங்க சார்' என்று அனுப்புகிற கதைதான்.

இந்தப் பெட்டிகளை வடிவமைக்கிறவர்களுக்கு மூன்றே விண்ணப்பங்கள். பிழை கண்ணில் படுகிற இடத்திலேயே திருத்த விடுங்கள். எழுதச் சொல்லாமல் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தப்பாகிவிட்டால் சுலபமாகத் திரும்ப வழி காட்டுங்கள்.

மாரியூரைப் பற்றி மாரியூர்க்காரரைவிட யாருக்கு அதிகம் தெரியும்? சதுர அடைப்பைப் பார்த்து அவர் திரும்பிப் போனால் நஷ்டம் நமக்குத்தான். லேபிள் ஒட்டத் தெரியாதவர் உப்பு விளைவிக்கத் தெரியாதவர் இல்லையே!