ஜொகூரில் தொடங்க வேண்டிய ஓர் ஆராய்ச்சி

வலி ஏதும் இன்றி ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்து, மறுநாளோ மறுவாரமோ தானாகவே நின்றுவிட்டால், உடம்புச் சூட்டினால் வந்தது, இளநீர் குடித்ததும் சரியாகிவிட்டது என்று சொல்லி அதை மறந்துவிடுகிற வழக்கம் நம் குடும்பங்களில், முக்கியமாகத் தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களிடையே, இன்றும் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் தன் வருகையை இப்படித்தான், நோவு தராத ஒரு கறையாகத்தான், முதன்முதலில் தெரிவிக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 5,73,000 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்ட இந்த வியாதியில் சுமார் பாதிக்குப் புகைபிடித்தலே காரணம். சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுவதை 1895இலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துரைத்தார். பின்னர் ரப்பர் ஆலைகளிலும் அதே அபாயம் புலப்பட்டது. ரப்பரை நம்பி வாழ்ந்த நம் சமூகம் இங்கே ஒரு பேதத்தை அறிந்திருப்பது நலம்: அபாயம் நிரூபணமானது பால்மரம் சீவியவர்களிடம் அன்று, ரப்பரை டயராகவும் மின்கம்பி உறையாகவும் ஆக்கிய ஆலைகளில் ரசாயனங்களோடு புழங்கியவர்களிடமே.

இந்த நோயின் கொடுமை முதல் சிகிச்சையோடு முடிவதில்லை. கண்டுபிடிக்கப்படும்போது நோயாளிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி தசைக்குள் இறங்காமல் உட்படலத்தோடு நிற்கிறது. அதை மூத்திரத் துவாரத்தின் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். ஆயினும் அது திரும்பத் திரும்ப முளைக்கும் சுபாவம் உடையது. ஆகவே மூன்று மாதம் கழித்து முதல் பரிசோதனை, அபாயம் மிகுந்தவர்களுக்கு இரண்டு வருஷம்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்று அந்தக் கண்காணிப்பு நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் நோயாளியைப் படுக்கவைத்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் துவாரத்தில் செலுத்திச் சில நிமிஷம் காத்திருந்து, வளையும் சிஸ்டோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, நீரால் பையை விரியச் செய்து, திரையில் அதன் சுவர்களை ஒவ்வொன்றாக மருத்துவர் பார்க்கிறார். அன்றும் மறுநாளும் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் எரிச்சல். சிகாமட்டிலிருந்தோ மெர்சிங்கிலிருந்தோ நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஜொகூர் பாருவுக்கு வரும் முதியவருக்கு, அரசாங்க மருத்துவமனையின் கட்டணம் ஒரு பாரமில்லை. துணைக்கு வரும் மகனோ மகளோ இழக்கும் ஒரு நாள் சம்பளமும், அந்தச் சங்கடத்தை நினைத்துக் கொள்ளும் கூச்சமும்தான் அவரை அடுத்த தவணைக்கு வராமல் தடுக்கின்றன. வராமல் போன ஒரு தவணையிலேயே கட்டி தசைக்குள் இறங்கிவிடக்கூடும்.

இந்த இடத்தில்தான், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் நமக்கு உபயோகமாகிறது. மனித மரபணுத்தொகையில் புரதம் உண்டாக்கும் கட்டளையைத் தாங்கிய பகுதி நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மீதிப் பகுதியிலிருந்து படியெடுக்கப்படும் எண்ணற்ற ஆர்.என்.ஏ. இழைகள் புரதம் எதையும் செய்யாமல், மற்ற மரபணுக்கள் எப்போது பேச வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை நிர்வகிக்கின்றன. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவை ஆராய்ந்து, சுமார் 22 எழுத்துகளே கொண்ட, மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் ஒரு குற்றிழை, புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவைப்பதை வெளிப்படுத்தினார்கள். 2024இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றில் புரதம் செய்யாத இந்த இழைகளின் பங்கு பலவிதமானது. உயிரணுப் பெருக்கத்தை அடக்கிவைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-145 கட்டியில் குறைந்துவிடுகிறது. 200 என்ற எண்ணுள்ள குடும்பம் குறையும்போது, அணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடி தளர்ந்து, அவை அயல் திசுக்களுக்குள் ஊடுருவத் தொடங்குகின்றன. 2006இல் சீன விஞ்ஞானிகள் இந்தப் புற்றிலேயே அடையாளம் கண்ட யு.சி.ஏ.1 என்ற நீள் இழையோ கட்டியில் மிகுதியாகி அதன் வளர்ச்சிக்குத் துணைபோகிறது. எல்லாவற்றிலும் என்னை வியக்கவைப்பது எச்19 என்ற இழை: கருவில் வளரும் சிசுவின் திசுக்களில் மும்முரமாக வேலை செய்து, பிறந்தபின் பெரும்பாலும் மௌனமாகிவிடும் அது, பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்று உண்டான சிறுநீர்ப்பையில் மறுபடி விழித்துக்கொள்கிறது. ஜெருசலேமில் ஆப்ரகாம் ஹாக்பெர்க் குழுவினர், எச்19 விழித்திருக்கும் அணுக்களில் மட்டும் நஞ்சை உண்டாக்கும் ஒரு மரபணுத்துணுக்கைப் படைத்து மனிதச் சோதனைவரை கொண்டுசென்றார்கள். அது மருந்தாக நிலைபெறவில்லை என்பது வருத்தத்துக்குரியதே.

சிகிச்சையில் கைகூடாதது பரிசோதனையில் கைகூடலாம் என்பதற்கு உடற்கூறே ஆதாரம். சிறுநீர் மணிக்கணக்கில் அந்தப் பையிலேயே தங்கிக் கட்டியைத் தழுவி நிற்கிறது. கட்டி உதிர்க்கும் அணுக்களும், அணுக்கள் வெளியிடும் நுண்குமிழிகளும் அதில் கலக்கின்றன. அக்குமிழிகளுக்குள் அடைபட்ட ஆர்.என்.ஏ., நொதிகளுக்கு இரையாகாமல் பிழைத்திருக்கிறது. முனையே இல்லாமல் வட்டமாக மூடிக்கொண்ட இழைகள் இன்னும் நீடித்து நிற்கின்றன. பிராஸ்டேட் புற்றுக்கு, புரதம் செய்யாத வகையைச் சேர்ந்த பி.சி.ஏ.3 என்ற இழையைச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா 2012லேயே அனுமதி தந்தது.

ஆனால் சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை, குழாயைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று இன்று எவரேனும் சொன்னால் அதை நம்பக்கூடாது. பத்திரிகைகளில் டஜன் கணக்கான இழைகள் சிபாரிசு செய்யப்பட்டிருக்கின்றன. அந்த ஆராய்ச்சிகளில் பல, சிறிய கூட்டத்தினரிடம் நடந்தவை. ஒரு கூடம் அளக்கும் முறை மற்றொன்றின் முறையோடு பொருந்துவதில்லை. கிருமித் தொற்றும் அழற்சியும்கூட முடிவைக் குழப்பக்கூடும். நீரிழிவும் சிறுநீர்த் தொற்றும் மலிந்த நம் நாட்டு மக்களிடம் அந்த இழைகளின் அளவுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சீனாவிலோ ஐரோப்பாவிலோ எடுத்த மாதிரிகளைக் கொண்டு நிர்ணயிக்க முடியாது.

அதனால்தான் இந்த வேலை இங்கே நடக்க வேண்டும் என்கிறேன். ஜொகூர் பாருவில் சுல்தானா அமீனா மருத்துவமனையும், புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் இருக்கின்றன. ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், இஸ்கந்தர் புத்ரியில் நியூகாசல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 2006இல் தொடங்கிய மலேசியக் கோஹோர்ட் ஆய்வு, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களையும் உயிர்மாதிரிகளையும் சேகரித்து, இத்தகைய பெருமுயற்சி நம்மால் இயலும் என்று காட்டியிருக்கிறது. செலவு மிகுதி என்ற ஆட்சேபமும் நிலைக்காது. கோவிட் காலத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அளந்த பி.சி.ஆர். இயந்திரங்களே இதற்கும் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். தவணைக்கு வரும் நோயாளியிடம் குழாய் நுழைப்பதற்கு முன்பே சிறுநீரைப் பெற்று, அன்றே உறையவைத்து, குழாயில் கண்டதைப் பக்கத்தில் பதிந்து, சில வருஷங்கள் பொறுமையாகத் தொடர்ந்தால், எந்த இழைகள் கட்டி திரும்புவதை முன்கூட்டிச் சொல்கின்றன, அபாயம் குறைந்தவர்களில் எவருக்குச் சில தவணைகளையாவது தவிர்க்கலாம் என்பதற்கு நம்முடைய சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். சம்மதப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் போதாது, சிகாமட்டிலிருந்து வரும் அந்த முதியவர் தாமே படித்துக் கையெழுத்திடும்படி தமிழிலும் இருக்க வேண்டும். அவர் தந்த மாதிரியின் முடிவை அடுத்த தவணையில் அவரிடமே எடுத்துச் சொல்லவும் வேண்டும்.