பெயிண்டைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெறும் நம்மவருக்கு, சேமநிதிப் பணத்தில் பழைய மில்லிங் மெஷின் வாங்கி வீட்டிலேயே தொழில் தொடங்கும் ஆசை வருவது இயல்பு. ஆசையில் தவறில்லை. ஆனால் புதுப் பெயிண்டைக் கண்டு மயங்கலாகாது. கைச்சக்கரத்தைத் திசை மாற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும். டேபிள் நகராமல் சக்கரம் மட்டும் கால் சுற்றுச் சுழன்றால், ஸ்குரூவும் நட்டும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த மெஷினில் கட்டர் சுழலும் திசையிலேயே ஜாப்பைச் செலுத்தினால், கட்டர் அதை வெடுக்கென்று உள்ளே இழுக்கும். கட்டர் முறியும், கைக்கும் ஆபத்து. ஸ்பிண்டிலில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சம்மதிக்காத வியாபாரியிடம் பேரமே வேண்டாம்!

வீட்டு மின்சாரம் பெரும்பாலும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ். தொழிற்சாலை மெஷினுக்கோ 415 வோல்ட் த்ரீ பேஸ் வேண்டும். அந்த இணைப்புக்கும், வைசுக்கும், கட்டர்களுக்கும் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் மெஷினுக்கு விலை பேச வேண்டும்.