சொல்லாமல் நழுவுகிறவர்களா பிரெஞ்சுக்காரர்கள்?

விருந்திலிருந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போவதை ஆங்கிலத்தில் ‘பிரெஞ்ச் லீவ்’ என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒட்டிக்கொண்ட பழி இது. ஸ்பானியரும் ஜெர்மானியரும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொன்னால் அதில் உண்மை இருக்கத்தானே வேண்டும் என்பது பலருடைய முடிவு.

இது பாதிச் சாட்சிகளை மட்டும் விசாரித்து எழுதிய தீர்ப்பு. அதே செயலுக்குப் பிரெஞ்சில் பெயர் ‘ஃபிலே ஆ லாங்க்ளேஸ்’, அதாவது ஆங்கிலேயர் பாணியில் நழுவுவது. இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யர் ஆகியோரும் ஆங்கிலேயரைத்தான் கைகாட்டுகிறார்கள். அடுத்த நாட்டார்மீது பழிபோடும் பழக்கத்துக்குத்தான் இவை சான்று; யாருடைய நடத்தைக்கும் அல்ல.

நடத்தையைப் பார்க்க வேண்டுமானால் பிரான்சின் அன்றாடப் பேச்சைக் கேட்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுவதற்குக்கூடப் பிள்ளைகள் பெற்றோரிடம் அனுமதி கேட்கும் வீடுகள் அங்கே உண்டு. அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுபவர் ‘ஜ ரெவியேன்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் நகர்வார். ‘வந்துடறேன்’ என்று நாம் சொல்வதேதான். தனியாகக் கடை நடத்துபவர் வெளியே போகும்போது, ஐந்து நிமிடத்தில் வருவதாக எழுதிக் கதவில் மாட்டிவிடுகிறார். பணியிடங்களில் 2007 பிப்ரவரியிலும், கஃபேக்களிலும் உணவகங்களிலும் 2008 ஜனவரியிலும் புகைபிடிக்கத் தடை வந்தது. அதன்பிறகு வாசலுக்குப் போய்வரும் ‘போஸ் க்ளோப்’, சிகரெட் இடைவேளை, இன்னும் வழக்கமாகிவிட்டது. இவ்வளவு சொல்லிக்கொண்டு போகிறவர்களையா நழுவுகிறவர்கள் என்பது?

சொல்கிறார்கள், ஆனால் ‘தெ மினூத்’ என்று போனவர் இரண்டு நிமிடத்தில் வருவதில்லையே என்பது அடுத்த புகார். அது கடிகாரக் கணக்கே அல்ல. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள் அது. நம் ‘ரெண்டு நிமிஷ’த்தை யாராவது கைக்கடிகாரம் வைத்து அளக்கிறோமா?

பிரெஞ்சில் இதற்கெல்லாம் நீளமான மரியாதை வாக்கியம் தேவை என்ற பயமும் வீண். முறையான கூட்டத்தில் ‘ஜ மாப்சாந்த்’, சற்று வெளியே செல்கிறேன், என்றாலே கண்ணியம் குறையாது. நண்பர்களிடம் அதையே சொன்னால்தான் விறைப்பாக ஒலிக்கும்.

பாரிஸ் பேச்சு மட்டும்தான் பிரெஞ்சு என்பதும் தவறு. ‘ஜாரீவ்’ என்றால் பாடநூலில் ‘வருகிறேன்’. ஐவரி கோஸ்ட்டிலோ கிளம்பிப் போகிறவரே ‘ஜாரீவ்’ என்பார். இதோ திரும்பிவிடுவேன் என்று அர்த்தம். அங்கே புதிதாகப் போன பாரிஸ்காரர் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. பிழையென்று ஒதுக்க இதில் ஒன்றுமில்லை. கோடிக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் பேசுவதும் பிரெஞ்சுதான்.

பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தச் சிறு சொற்களை முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வகுப்பிலிருந்து தண்ணீர் குடிக்கப் போகும் மாணவர் அன்றே ‘ஜ ரெவியேன்’ என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.